துருவ ஆய்வில் நாடுகள் கைகோத்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவத்தை ஆராய ஏன் பல நாடுகள் சேர வேண்டும்? பணமுள்ள ஒரு நாடே செய்துவிட முடியாதா?

போய்க் கொடி நட்டுவிட்டு வருவதற்கு ஒரு நாடு போதும். அளப்பதற்குப் போதாது.

காந்த ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனில் ஒரு கொந்தளிப்பு வந்தால் பூமியெங்கும் காந்த ஊசிகள் நடுங்கும். அந்த நடுக்கம் எங்கே தொடங்கியது, எங்கே பலமாக இருந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அறிய, ஒரே நொடியில் பல இடங்களில் ஆட்கள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலாஸ்காவில் மார்ச் மாதமும் சைபீரியாவில் ஜூன் மாதமும் அளந்து வைத்தால், இரண்டு நோட்டுப் புத்தகங்கள் மிஞ்சும், அவ்வளவுதான். வானிலையும் இப்படித்தான்.

வட துருவத்தைச் சுற்றியுள்ள நிலம் பல நாடுகளுக்குச் சொந்தம். தென் துருவமோ எல்லோருக்கும் தொலைவு. ஆக, சேர்ந்து செய்வதைத் தவிர வழியில்லை. இந்தக் கதையில் உலக சகோதரத்துவம் என்ற பேச்சு அடிக்கடி வரும். ஆனால் வண்டியை இழுத்தது இந்த அளவீட்டுத் தேவைதான் என்பது என் கருத்து.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

கார்ல் வெய்ப்ரெக்ட் என்ற கடற்படை அதிகாரிக்கு. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடற்படைக்காரர். 1872-ல் யூலியஸ் பாயருடன் சேர்ந்து டெகெட்ஹாஃப் என்ற கப்பலில் வடக்கே போனார். சில வாரங்களிலேயே பனி கப்பலைக் கவ்விக்கொண்டது. அப்புறம் கப்பல் போன திசையைத் தீர்மானித்தது பனிதான். மறு வருடம் ஆகஸ்டில், மிதந்துபோன வழியில் யாரும் அறியாத தீவுக்கூட்டம் ஒன்று கண்ணில் பட்டது. பேரரசரின் பெயரால் அதற்கு ஃபிரான்ஸ் ஜோசஃப் நிலம் என்று பெயரிட்டார்கள்.

1874 மே மாதம் கப்பலைக் கைவிட்டு, படகுகளைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றிப் பனிமேல் இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். இரண்டு மாதம் இழுத்த பிறகு கணக்குப் பார்த்தால், கப்பலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான் வந்திருந்தார்கள். இவர்கள் தெற்கே நடக்க, காலுக்குக் கீழே பனி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் திறந்த கடலை எட்டி, ஒரு ரஷ்யக் கப்பலால் மீட்கப்பட்டார்கள்.

இப்படித் திரும்பியவருக்கு ஊர் முழுக்க வரவேற்பு கிடைத்தது. வேறொருவராக இருந்தால் அந்தப் புகழிலேயே வாழ்நாளை ஓட்டியிருப்பார். வெய்ப்ரெக்ட் 1875-ல் கிராட்ஸ் நகரில் நடந்த அறிவியலாளர் மாநாட்டில் எழுந்து, இந்த மாதிரிப் பயணங்களால் அறிவியலுக்குப் பெரிய லாபம் இல்லை என்றார். யார் அதிக வடக்கே போனார்கள் என்ற போட்டி, புதிய தீவுக்குப் பெயர் வைக்கும் ஆசை, இவற்றை விட்டுவிட்டு, துருவத்தைச் சுற்றி நிலையங்கள் அமைத்து, ஒரே வகைக் கருவிகளால் ஒரே நேரத்தில் ஓராண்டு முழுக்க அளக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. தீவு கண்டுபிடித்தவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது.

அவர் கேட்டது நடந்ததா?

நடந்தது, ஆனால் பார்க்க அவர் இல்லை. 1881 மார்ச்சில் காசநோயால் இறந்துவிட்டார். 1879-ல் ஹாம்பர்க்கில் கூடிய சர்வதேசத் துருவ ஆணையம் திட்டத்தைக் கையில் எடுத்திருந்தது. ஜெர்மானியரான கியோர்க் ஃபான் நாய்மையர் அதன் முதல் தலைவர். 1882 ஆகஸ்டில் முதல் சர்வதேசத் துருவ ஆண்டு தொடங்கியது. ஏறக்குறைய ஒரு டஜன் நாடுகள் சேர்ந்தன. வடக்கில் ஒரு டஜன் நிலையங்கள். தெற்கே இரண்டு: தெற்கு அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவில் ஜெர்மானியர்கள், தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனை அருகே பிரெஞ்சுக்காரர்கள். யான் மாயன் தீவில் ஆஸ்திரியா அமைத்த நிலையத்துக்கு வில்செக் பிரபு தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார்.

வேலை சலிப்பூட்டும் வேலை. மணிக்கு ஒருமுறை வெப்பம், காற்றழுத்தம், காந்தப்புலம் என எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். மாதத்தின் 1-ம் தேதியும் 15-ம் தேதியும் சிறப்பு நாட்கள். அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காந்தக் கருவியைப் படிக்க வேண்டும். உள்ளூர் நேரப்படி படித்தால் குழப்பம் என்பதால் எல்லோரும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரத்தைப் பின்பற்றினார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் ஜெர்மானிய விஞ்ஞானிகளான காஸும் வெபரும் காந்த அளவீட்டுக் கூட்டணி ஒன்றை அங்கிருந்து நடத்தியிருந்ததால் அந்தப் பழக்கம் வந்தது.

உயிர்ச்சேதம் ஏற்பட்டதாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் நிலையம் அமைத்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைவர் அடால்ஃபஸ் கிரீலி. மொத்தம் 25 பேர். 1882-ல் வர வேண்டிய சரக்குக் கப்பலைப் பனி தடுத்துவிட்டது. 1883-ல் வந்த கப்பலைப் பனி நசுக்கியே விட்டது. கிரீலி குழு நிலையத்தைக் கைவிட்டுத் தெற்கே நகர்ந்து, சேபின் முனையில் கையளவு உணவோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தது. 1884 ஜூனில் மீட்புக் கப்பல் வந்தபோது ஏழு பேருக்கு உயிர் இருந்தது. அவர்களிலும் ஒருவர் ஊர் போய்ச் சேரவில்லை. பட்டினியில் கிடந்தபோதும் அளவீட்டுப் பதிவேடுகளை அவர்கள் எறிந்துவிடவில்லை.

ஒரு முரண் உண்டு. போட்டியை விடுங்கள் என்று வெய்ப்ரெக்ட் கெஞ்சி உருவாக்கிய திட்டம் இது. அதே கிரீலி குழுவிலிருந்து மூன்று பேர் 1882 மே மாதம் அதிக வடக்கு என்ற சாதனையைப் பிரிட்டனிடமிருந்து பறித்தார்கள். அளவீடு என்று பணம் வாங்கினாலும் கொடி ஆசை போகவில்லை.

டச்சுக் குழுவின் கப்பல் காரா கடலில் பனியில் சிக்கிக் கடைசியில் மூழ்கியே போனது. தங்கள் நிலையத்தை எட்ட முடியாவிட்டாலும் சிக்கிய இடத்திலேயே அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது?

அந்தக் காலத்தில், அதிகமில்லை. ஒவ்வொரு நாடும் தன் பதிவுகளைத் தடித்த புத்தகங்களாகத் தன் மொழியில் அச்சிட்டது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்துச் சேர்த்துப் பார்க்க ஆளும் இல்லை, கணினியும் இல்லை. சேர்ந்து அளந்தார்கள், சேர்ந்து படிக்கவில்லை. நூறு வருடம் கழித்து, காலநிலை மாற்றத்தை ஆராய்ந்தவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் புதையலாயின. 1880-களில் ஆர்க்டிக் எவ்வளவு குளிராக இருந்தது என்பதற்கு அதுபோல ஒழுங்கான சாட்சி வேறில்லை.

இரண்டாவது துருவ ஆண்டு பற்றி யாரும் பேசுவதில்லையே?

அதற்கு நேரம் சரியில்லை. முதலாவதின் ஐம்பதாம் ஆண்டில், 1932-33-ல், சுமார் 40 நாடுகளோடு நடந்தது. யோசனையைக் கிளப்பியவர்களில் யோஹான்னஸ் கியோர்கி முக்கியமானவர். ஜெர்மானியத் துருவ ஆய்வாளர் ஆல்ஃபிரட் வேகனரின் கடைசிப் பயணத்தில் கிரீன்லாந்துப் பனிமேட்டின் நடுவே குளிர்காலம் கழித்தவர். ஆனால் அது உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலம். அண்டார்க்டிகாவில் போட்டிருந்த திட்டங்கள் பணமில்லாமல் கைவிடப்பட்டன. பலூனில் பறந்து வானொலி வழியே அளவைச் சொல்லும் கருவிகள் அப்போதுதான் வந்திருந்ததால் மேல்காற்று பற்றி நல்ல தகவல் கிடைத்தது. முடிவுகளைத் தொகுக்கும் வேலை டென்மார்க்கின் லா கூர் தலைமையில் நடந்தது. நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது, 1942-ல் அவரும் இறந்தார், பதிவுகளில் ஒரு பகுதி தொலைந்தது.

1957-ன் புவி இயற்பியல் ஆண்டு ஒரு விருந்தில் பிறந்தது என்கிறார்களே?

ஆமாம். 1950 ஏப்ரல் 5. அமெரிக்காவின் மேரிலாந்தில், இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் வீட்டில் இரவுச் சாப்பாடு. பிரிட்டிஷ் விஞ்ஞானி சிட்னி சாப்மன் ஊருக்கு வந்திருந்தார். திருமதி வான் ஆலன் செய்த சாக்லேட் கேக் இந்தக் கதையில் தவறாமல் வரும். சாப்பிட்ட பிறகு, லாயிட் பெர்க்னர் ஒரு கேள்வி போட்டார்: அடுத்த துருவ ஆண்டுக்கு ஏன் 1982 வரை காத்திருக்க வேண்டும்? ராக்கெட் வந்துவிட்டது, ரேடார் வந்துவிட்டது, 25 வருடத்திலேயே நடத்தலாமே. 1957-58-ல் சூரியனின் கொந்தளிப்பும் உச்சத்தில் இருக்கும் என்ற கணக்கு அதற்கு வலுச்சேர்த்தது. பெர்க்னர் சும்மா பேசவில்லை. இளைஞராக இருந்தபோது அமெரிக்கத் துருவ ஆய்வாளர் பேர்டின் அண்டார்க்டிகா பயணத்தில் வானொலி வேலை பார்த்தவர்.

பிறகு திட்டம் துருவத்தைத் தாண்டி பூமி முழுவதற்கும் விரிந்ததால் பெயரும் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று மாறியது. 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை, ஆண்டு என்ற பெயரில் ஒன்றரை ஆண்டு. 67 நாடுகள். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததும் இந்தத் திட்டத்தின் பகுதியாகத்தான். முதல் துருவ ஆண்டின் தவறு இந்த முறை நினைவிலிருந்தது. அமெரிக்காவில் ஒன்று, சோவியத்தில் ஒன்று, மற்ற நாடுகளில் பகிர்ந்து ஒன்று என உலகத் தரவு மையங்கள் அமைத்து, எல்லாப் பதிவுகளையும் அவற்றுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கேக்கை விட இது பெரிய விஷயம்.

எல்லோரும் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. தைவானைச் சேர்த்ததால் மக்கள் சீனம் விலகிக்கொண்டது.

பனிப்போர் நடக்கும்போது அமெரிக்காவும் சோவியத்தும் எப்படி ஒத்துழைத்தன?

போட்டி போட்டுக்கொண்டே. 1955-ல் பாரிஸில் அண்டார்க்டிகா நிலையங்களுக்கு இடம் பிரிக்கும் கூட்டம் நடந்தது. தென் துருவத்திலேயே நிலையம் வைக்கப்போவதாக சோவியத் பிரதிநிதி அறிவித்தார். அந்த இடத்தை அமெரிக்கா ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்றார் கூட்டத் தலைவர், பிரான்சின் லாக்லவேர். சரி, அப்படியானால் புவிகாந்தத் துருவமும், எல்லாக் கரையிலிருந்தும் அதிகத் தொலைவான புள்ளியும் எங்களுக்கு என்று சோவியத் ஏற்றுக்கொண்டது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான்.

அறிவியலுக்கு அது நல்லதாகப் போனது. அப்படிக் கிடைத்த இடத்தில் எழுந்த வோஸ்டாக் நிலையத்தில்தான் 1983 ஜூலை 21-ல் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. பூமியின் தரைமட்டத்தில் கருவி வைத்து அளந்ததில் அதுவே மிகக் குறைவு. தொலைதூரப் புள்ளியில் சோவியத்காரர்கள் வைத்துவிட்டு வந்த லெனின் மார்பளவுச் சிலை இன்னும் அங்கே நிற்கிறது.

இதற்கிடையில் ஆள் மாற்றமும் நடந்தது. அமெரிக்க வானிலையாளர் ஒருவர் சோவியத்தின் மிர்னி நிலையத்தில் குளிர்காலம் கழித்தார். சோவியத் வானிலையாளர் ஒருவர் அமெரிக்காவின் லிட்டில் அமெரிக்கா நிலையத்தில் இருந்த பொது வானிலை மையத்தில் வேலை பார்த்தார்.

இதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் ஒட்டவைத்த பங்கு இல்லை. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாகப் போகும் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாகச் செல்கிறது. அதற்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் பலமான மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடும். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரே புவி இயற்பியல் ஆண்டுக்குத் தலைமை வகித்த சிட்னி சாப்மன்தான். அதனால் துருவத்தில் அளக்கும்போது இங்கும் அளக்க வேண்டியிருந்தது. கொடைக்கானலில் ஏற்கெனவே ஆய்வகம் இருந்தது. 1957-ல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஆய்வகங்கள் புதிதாக எழுந்தன. பின்னர் இந்த வேலைக்கு திருநெல்வேலியிலும் ஓர் ஆய்வுக்கூடம் வந்தது.

சரி, அண்டார்க்டிகா யாருக்குச் சொந்தம்?

ஏழு நாடுகள் பங்கு கேட்டிருக்கின்றன: பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், நார்வே. முதல் மூன்று நாடுகள் கேட்கும் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. யாருமே கேட்காத பகுதியும் ஒன்று இருக்கிறது.

புவி இயற்பியல் ஆண்டு முடிந்ததும் நிலையங்களைக் காலி செய்ய யாருக்கும் மனமில்லை. 1959 டிசம்பர் 1-ல், அங்கே வேலை செய்த 12 நாடுகளும் வாஷிங்டனில் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1961 ஜூன் 23-ல் அமலுக்கு வந்தது. ராணுவ நடவடிக்கை கூடாது, அணுகுண்டு வெடிக்கக் கூடாது, அணுக்கழிவு கொட்டக் கூடாது, ஆய்வு முடிவுகளைப் பகிர வேண்டும், யார் நிலையத்தையும் மற்றவர் சோதனையிடலாம். எல்லாமே முக்கியம்தான். ஆனால் சாமர்த்தியம் இருப்பது நான்காம் பிரிவில். இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்வரை யாருடைய உரிமைக் கோரிக்கையும் வளராது, குறையாது, புதிதாக முளைக்காது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் ஜெயிக்கவுமில்லை. பாகப்பிரிவினை வழக்கைக் கட்டிவைத்துவிட்டு வீட்டில் சேர்ந்து குடியிருப்பது போல.

இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. முடிவெடுக்கும் உரிமை 29 நாடுகளுக்கு மட்டும்.

உறுப்பு நாடுகளுக்குள் போர் வந்தால்?

வந்திருக்கிறது. 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின. அந்த மே மாதமே ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட்டில் அண்டார்க்டிகாவின் கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் ஆணையத்தின் முதல் கூட்டம் கூடியது. இரு நாட்டுக்கும் அதில் இடம் உண்டு. கூட்டம் கலையவில்லை.

இந்தியா எப்போது உள்ளே வந்தது?

முதலில் வெளியிலிருந்து கேள்வி கேட்டது. 1956-ல் அண்டார்க்டிகா விவகாரத்தை ஐ.நா. பொதுச்சபையில் விவாதிக்க வேண்டும் என்று இந்தியா கோரியது. அங்கே அணு ஆயுதச் சோதனை நடந்துவிடுமோ என்பது அன்றைய கவலை. உரிமை கோரிய நாடுகளுக்கு அது பிடிக்கவில்லை. 12 நாடுகளின் கையெழுத்துப் பட்டியலில் இந்தியா இல்லை.

1981 டிசம்பரில் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து சத்தமில்லாமல் கப்பலேறினார்கள். 1982 ஜனவரி 9-ல் பனிமேல் கால் வைத்தார்கள். 1983 ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்து, அடுத்த மாதமே முடிவெடுக்கும் தகுதியும் கிடைத்தது. முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனிக்குள் புதைந்துபோனது. பிறகு பாறைத்தரையில் மைத்ரி, 2012-ல் பாரதி.

மைத்ரிக்குச் சில கிலோமீட்டரில் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்காயா நிலையம் இருக்கிறது. 1961-ல் ஒரு மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்தெடுத்துக்கொண்டது அங்கேதான். அதன் பக்கத்திலுள்ள பனி ஓடுதளத்துக்குக் கேப் டவுனிலிருந்து விமானம் வரும். அந்தப் போக்குவரத்தை இந்தியா உட்பட 11 நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. பாரதிக்கு அக்கம்பக்கத்தில் ரஷ்ய நிலையமும் சீன நிலையமும். எல்லையில் முறைத்துக்கொள்ளும் நாடுகள் அங்கே அண்டைவீட்டுக்காரர்கள்.

2048-க்குப் பிறகு அங்கே சுரங்கம் தோண்டலாமாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றுவது போல தானாகத் தடை விலகாது. 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை கனிமம் எடுப்பதைத் தடை செய்கிறது. அதற்குக் காலாவதித் தேதி இல்லை. 1998-ல் அமலுக்கு வந்ததால், 50 ஆண்டு கழித்து முடிவெடுக்கும் நாடுகளில் ஒன்று கேட்டால் மறுபரிசீலனைக் கூட்டம் போடலாம். அதிலும் தடையை நீக்கக் கடுமையான பெரும்பான்மை வேண்டும், மாற்றுச் சட்டமும் வேண்டும்.

இந்த ஒத்துழைப்பால் நமக்குத் தெரியவந்தது என்ன?

ஒரு பட்டியலே போடலாம். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தைப் பிரிட்டன் 1956-ல் புவி இயற்பியல் ஆண்டுக்காகக் கட்டியது. அங்கே ஓசோனை அளக்க ஒரு கருவி வைத்தார்கள். திட்டம் முடிந்த பிறகும் ஜோ ஃபார்மன் அளப்பதை நிறுத்தவில்லை. கால் நூற்றாண்டு, பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு 1980-களில் வசந்தகால ஓசோன் சரிவது தெரிந்தது. 1985-ல் ஃபார்மனும் கார்டினரும் ஷாங்க்ளினும் ஓசோன் ஓட்டையை அறிவித்தார்கள். அதே வானத்தை அமெரிக்கச் செயற்கைக்கோளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அளவுக்கு மீறிக் குறைந்த எண்கள் சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டே ஆண்டில், ஓசோனை அழிக்கும் வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

இரண்டாவது, பனித்தண்டு. பனியில் ஆழமாகத் துளையிட்டு உருளை உருளையாக உருவியெடுப்பது. அதிலுள்ள காற்றுக்குமிழ்கள் பழைய காலத்துக் காற்று. வோஸ்டாக்கில் துளையிட்டது சோவியத், ஆய்ந்தது பிரான்ஸ், 1980-களின் பனிப்போர் நடுவே விமானம் கொடுத்தது அமெரிக்கா. கடைசியில் 3,623 மீட்டர் ஆழம், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் வரலாறு. கார்பன் டை ஆக்சைடும் வெப்பமும் சேர்ந்தே ஏறி இறங்கியது அதில் தெரிந்தது. ஐரோப்பிய நாடுகள் பத்து சேர்ந்து டோம் சி என்ற இடத்தில் எட்டு லட்சம் ஆண்டு வரை போயின. 2025-ல் அதே வட்டாரத்தில் 12 லட்சம் ஆண்டுப் பனியை எட்டினார்கள்.

ஆர்க்டிக்கில் இப்படி ஒரு ஒப்பந்தம் ஏன் இல்லை?

அங்கே மக்கள் வாழ்கிறார்கள், நடுவில் கடல், சுற்றிலும் நாடுகள், தண்ணீருக்கடியில் அணு நீர்மூழ்கிகள். அண்டார்க்டிகா மாதிரி வழக்கைக் கட்டிவைக்க முடியாது. 1973-ல் பனிக்கரடியைக் காக்க ஐந்து நாடுகள் கையெழுத்திட்டது ஓர் அபூர்வம். 1987-ல் முர்மான்ஸ்க் நகரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் ஒத்துழைப்பு வேண்டும் என்று பேசிய பிறகுதான் கதவு திறந்தது. 1990-ல் சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழு, 1996-ல் ஆர்க்டிக் கவுன்சில். கவுன்சிலில் எட்டு நாடுகளோடு பூர்வகுடிகளின் ஆறு அமைப்புகளுக்கும் நிரந்தர இடம் உண்டு. இந்தியா 2013 முதல் பார்வையாளர்.

நார்வேயின் ஸ்வால்பார்டில் நீ-ஆலெசுண்ட் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் இப்போது ஆய்வூர். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கிருக்கிறது. நுண்ணிய வானொலி அளவீடுகள் நடப்பதால் ஊருக்குள் வைஃபையும் புளூடூத்தும் அணைத்துவைக்க வேண்டும்.

உக்ரைன் போருக்குப் பிறகு நிலைமை என்ன?

மோசம். 2022 மார்ச்சில் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு ஆர்க்டிக் கவுன்சில் வேலையை நிறுத்தின. பிறகு சில பணிகள் மட்டும் மெல்லத் தொடங்கின. ஆர்க்டிக் கரையில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவுடையது. உறைநிலம் உருகுவதை அறிய சைபீரியத் தரவு வேண்டும். அது வராவிட்டால் படத்தில் பாதி வெள்ளை. 2019-20-ல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் வேண்டுமென்றே பனியில் உறைந்து ஓராண்டு மிதந்தபோது, 20 நாட்டு ஆட்கள் அதில் இருந்தார்கள். நடுக்குளிரில் உணவும் மாற்று ஆட்களும் கொண்டுபோனது ரஷ்யப் பனியுடைப்புக் கப்பல். இன்று அப்படி ஒன்றைத் திட்டமிடுவது கடினம்.

அடுத்த துருவ ஆண்டு எப்போது?

2007 மார்ச் முதல் 2009 மார்ச் வரை ஒன்று நடந்தது, அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள். அடுத்ததை 2032-33-ல் நடத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். முதலாவதின் 150-வது ஆண்டு.

இந்திய மாணவர் ஒருவர் இதில் சேர வழி உண்டா?

கோவாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அண்டார்க்டிகா, ஆர்க்டிக் பயணங்களுக்கு ஆய்வுத் திட்டங்களை அதுதான் அழைக்கும். உங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் வழியாக விண்ணப்பிப்பது வழக்கமான பாதை. கடுமையான மருத்துவப் பரிசோதனையும், உத்தரகாண்டின் ஆலியில் பனிப்பயிற்சியும் உண்டு. விஞ்ஞானியாக இருந்தால்தான் போகலாம் என்று நினைக்காதீர்கள். மருத்துவர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எல்லோரும் நிலையத்துக்கு வேண்டும்.